எண்ணெய் நிலையத்தில் தினமும் பார்க்கும் ஒரு மனிதரின் பெயர்

எண்ணெய் நிலையத்திற்குப் போனால் மஞ்சள் கைப்பிடியில் பெட்ரோலும் கறுப்புக் கைப்பிடியில் டீசலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தொழிற்கல்லூரியில் வாகனப் பிரிவுப் பயிற்றுநராக இருந்தும், நெடுநாள் வரை நானும் அந்தப் பெயரைப் பற்றி யோசித்ததில்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அந்த மனிதரைத் தேடிப் படிக்க வைத்தது ஒரு பழைய வேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் இரண்டு நண்பர்களும் பணம் போட்டு, 1980களில் செய்யப்பட்ட வோல்க்ஸ்வேகன் வேன் ஒன்றை வாங்கினோம். முந்தைய உரிமையாளர் அதில் மடக்குக் கட்டில், சிறிய அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தியிருந்தார். பள்ளி விடுமுறையில் அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்துத் தீபகற்பத்தைச் சுற்றி வருவது எங்கள் திட்டம். முதல் பயணத்தில் ஈப்போவிலிருந்து கோத்தா பாருவுக்குப் போனபோதே கண் திறந்துவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வேன் 8 கிலோமீட்டர்தான் ஓடியது. பெட்டி போன்ற உடல், கட்டிலும் தொட்டியும் சேர்ந்த எடை, வயதான இயந்திரம் என்று காரணங்கள் பல.

பட்டறைக்கார அண்ணன் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு டர்போ டீசல் இயந்திரம் ஒன்றைப் பொருத்தினால் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைக்கும் என்றார். இயந்திரம், தாங்கிகள், குழாய் வேலை, கூலி, இலாகாப் பத்திர வேலை எல்லாம் சேர்த்து 12,000 ரிங்கிட். நாங்கள் கடன் வாங்கத் தயாரானோம்.

அந்த வாரம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒருவன், டீசல் ஏன் அதிக தூரம் ஓடுகிறது என்று கேட்டான். டீசல் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெட்கமாக இருந்தது. 12,000 ரிங்கிட் கடன் வாங்கப் போகிறேன், அதன் காரணம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்றிரவுதான் ருடோல்ஃப் டீசலின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். அது என் கேள்விக்கும் பதில் சொன்னது, நான் கேட்காத கேள்வி ஒன்றுக்கும் பதில் சொன்னது.

அகதியாகப் போன சிறுவன்

ருடோல்ஃப் டீசல் 1858 மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை புத்தகம் கட்டுபவர், தோல் பொருள்களும் செய்பவர். வசதியான குடும்பம் இல்லை. சிறுவனுக்குப் பாரிஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் பிடித்த இடம். பழைய இயந்திரங்களைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பான்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசலின் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே பிழைப்பு கடினமாக இருந்ததால், 12 வயதுச் சிறுவனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். பிறந்த நாட்டில் அந்நியன், வளர்ந்த மொழியும் வேறு, தாய் தந்தையர் வேறு நாட்டில். இந்த நிலையில் இருந்த சிறுவன் படிப்பைப் பிடித்துக்கொண்டான். 14 வயதில், தான் ஒரு பொறியாளர் ஆகப்போவதாகப் பெற்றோருக்கு எழுதினான். தொழிற்பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். 1875இல் உதவிச் சம்பளத்தோடு மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான்.

ஒரு விரிவுரை

மியூனிக்கில் டீசலுக்குக் கிடைத்த ஆசிரியர் கார்ல் ஃபோன் லிண்டே. இன்று நம் வீடுகளில் இருக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கு அடித்தளம் இட்ட முன்னோடிகளில் ஒருவர். அவருடைய வகுப்பில் டீசல் ஒரு கணக்கைக் கேட்டார். அந்தக் காலத்து உலகை இயக்கிய நீராவி இயந்திரம், நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ 6 முதல் 10 விழுக்காட்டை மட்டுமே வேலையாக மாற்றுகிறது. மீதி எல்லாம் புகைபோக்கி வழியாகவும் சுடுநீர் வழியாகவும் வீணாகிறது.

வெப்ப இயந்திரம் ஒன்று கொள்கை அளவில் எவ்வளவு வேலை தர முடியும் என்பதை 1824இலேயே சாடி கார்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கியிருந்தார். அந்த எல்லைக்கும் ஓடுகிற இயந்திரத்துக்கும் இடையே மிகப் பெரிய இடைவெளி இருந்தது. மற்ற மாணவர்கள் தேர்வுக்காகக் குறித்துக்கொண்ட இந்தச் செய்தியை, டீசல் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

இங்கே நம் மண்ணோடு தொடர்புள்ள செய்தி ஒன்றும் உண்டு. மலாய்த் தீவுகள் உள்ளிட்ட தென்கிழக்காசியாவில் தீ மூட்டுவதற்கு ஒரு சிறிய கருவி பழங்காலம் தொட்டே இருந்தது. ஒரு முனை அடைத்த குழாய், அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் பஞ்சு போன்ற பொருளை வைத்து வேகமாக அடித்து இறக்கினால், உள்ளே நெருக்கப்பட்ட காற்று சூடாகிப் பஞ்சில் தீப்பற்றும். பினாங்கிலிருந்து கிடைத்த அத்தகைய கருவி ஒன்றை லிண்டே தம் மாணவர்களுக்குக் காட்டியதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். டீசல் இயந்திரமும் இதே விதியில்தான் இயங்குகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நீங்களே தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

1879இல் இறுதித் தேர்வு நேரத்தில் டீசலுக்கு டைஃபாய்டு காய்ச்சல் வந்தது. தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த தேர்வுக்குக் காத்திருந்த மாதங்களில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் சுல்சர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த நிலையில் தேறினார்.

பத்தாண்டு தவறான பாதை

தேறியதும் லிண்டே அவரைப் பாரிஸுக்கு அனுப்பினார். பனிக்கட்டித் தொழிற்சாலை அமைக்கும் வேலை. ஓராண்டில் அதன் பொறுப்பாளர் ஆனார். 1883இல் மார்த்தா என்பவரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர்.

வேலை நேரம் போக மீதி நேரத்தில் கனவு இயந்திரத்தைத் தேடினார். நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியைப் பயன்படுத்தும் இயந்திரம் ஒன்றைச் செய்ய ஆண்டுக்கணக்கில் முயன்றார். அது சரிவரவில்லை. 1890இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு வயது 32. கையில் வெற்றி எதுவும் இல்லை.

ஆனால் அந்தத் தவறான பாதை அவருக்கு ஒன்றைக் கற்றுத் தந்திருந்தது. உயர் அழுத்தத்தில் வாயுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அம்மோனியாவுக்குப் பதில் சாதாரணக் காற்றையே கடுமையாக நெருக்கினால் என்ன என்று யோசித்தார். காற்று போதிய அளவு சூடானால், அதில் எரிபொருளைத் தெளித்த கணமே தானாகப் பற்றிக்கொள்ளும். பொறி தேவையில்லை, வெளியே நெருப்பும் தேவையில்லை. 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1893 பிப்ரவரியில் அது கிடைத்தது. அதே ஆண்டில் தம் கருத்தை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார்.

ஒரு நிமிடம்

காகிதத்தில் இருந்ததை இரும்பில் செய்வதற்குப் பணமும் பட்டறையும் வேண்டும். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் ஃபோன் புட்ஸ் இணங்கினார். க்ருப் நிறுவனமும் பணம் கொடுக்க முன்வந்தது.

1893 ஆகஸ்டில் முதல் சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் எதிர்பாராத அழுத்தம் எழுந்து, அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் உயிர் தப்பினார்கள். இயந்திரம் ஓடவில்லை. ஆனால் நெருக்கிய காற்றில் எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும் என்பது உறுதியாயிற்று.

1894 பிப்ரவரி 17ஆம் நாள் திருத்திய இயந்திரம் முதல் முறையாகத் தன் சொந்த வலிமையில் சுழன்றது. ஏறத்தாழ ஒரு நிமிடம். பிறகு நின்றுவிட்டது.

மாணவர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 1880இல் படிப்பு முடித்தவருக்கு, 14 ஆண்டுக்குப் பின் கிடைத்தது ஒரு நிமிடம். நம் வகுப்பில் இரண்டு முறை முயன்றும் கார்புரேட்டர் சரியாகவில்லை என்றால் கருவிகளை வைத்துவிட்டு நடந்துவிடுகிறோம்.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகும் மூன்று ஆண்டு வேலை இருந்தது. முதலில் போட்ட கணக்கில் சில பகுதிகள் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. நினைத்திருந்த மிக உயர்ந்த அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. நிலக்கரித் தூளை எரிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறினார். எரிபொருளை உயர் அழுத்தக் காற்றின் உதவியால் உள்ளே தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

1897 பிப்ரவரி 17ஆம் நாள், அந்த ஒரு நிமிட ஓட்டத்தின் சரியாக மூன்றாம் ஆண்டு நிறைவில், மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து இயந்திரத்தை முறைப்படி சோதித்தார். எவ்வளவு எண்ணெய் உள்ளே போகிறது, எவ்வளவு வேலை வெளியே வருகிறது என்று அளந்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியிருந்தது. டீசல் தம் இயந்திரத்தைப் பற்றி என்ன சொன்னாலும் உலகம் பாதிதான் நம்பியிருக்கும். வெளியாள் ஒருவர் அளந்து சொன்ன எண்ணை மறுக்க முடியவில்லை.

ஏன் குறைவாகக் குடிக்கிறது?

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். பெட்ரோல் இயந்திரத்தில் காற்றும் பெட்ரோலும் கலந்தே உருளைக்குள் நுழைகின்றன. அந்தக் கலவையை அளவுக்கு மேல் நெருக்கினால், பொறி விழும் முன்பே தாறுமாறாகப் பற்றிக்கொண்டு இயந்திரத்தை உடைக்கும். அதனால் பழைய பெட்ரோல் வேன்களில் கலவையை ஏறத்தாழ 8இல் ஒரு பங்கு முதல் 10இல் ஒரு பங்கு வரைதான் நெருக்குவார்கள். டீசல் இயந்திரத்தில் காற்று மட்டுமே உள்ளே போகிறது. காற்றை 20இல் ஒரு பங்காகவும் நெருக்கலாம். வெப்பநிலை 500 பாகை செல்சியசைத் தாண்டும். எவ்வளவு நெருக்குகிறோமோ, எரிந்த பின் வாயு அவ்வளவு விரிந்து தன் வெப்பத்தைத் தண்டுக்கு வேலையாகக் கொடுத்துவிட்டு வெளியேறும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் இயந்திரத்தில் காற்று வரும் வழியை ஒரு தட்டு பாதி மூடியே வைத்திருக்கும். மெதுவாகப் போகும்போது இயந்திரம் அந்த இடுக்கு வழியாக மூச்சிழுக்கவே வலிமையைச் செலவிடுகிறது. டீசலில் எரிபொருளின் அளவை மட்டும் குறைத்தால் போதும். அதோடு, ஒரு லிட்டர் டீசல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட அடர்த்தியானது. அதில் வெப்ப ஆற்றலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் அதிகம். லிட்டர் கணக்கில் தெரியும் சேமிப்பில் ஒரு பகுதி இயந்திரத்தின் திறமையால் வருவது இல்லை, எண்ணெயின் அடர்த்தியால் வருவது.

புகழும் கடனும்

சோதனை வெற்றி பெற்றதும் உரிமம் கேட்டு உலகமே வந்தது. அமெரிக்காவுக்கான உரிமையை மதுபானத் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். ரஷ்யாவில் ஆல்ஃபிரட் நோபலின் அண்ணன் மகன் எம்மானுவேல் நோபல் வாங்கினார். நாற்பது வயதில் டீசல் பெரும் செல்வர் ஆனார். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால் சோதனைக் கூடத்தில் பொறியாளர்கள் சுற்றி நிற்க ஓடிய இயந்திரமும், தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளி கையில் நாள் முழுதும் ஓட வேண்டிய இயந்திரமும் ஒன்றல்ல. 1898இல் கெம்டன் நகரின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு முதல் வணிக இயந்திரம் போனது. அதைச் சீராக ஓட வைக்கவே பெரும்பாடாயிற்று. மற்ற இடங்களிலும் பழுது மேல் பழுது. புகார்கள் குவிந்தன. ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரிலேயே தொடங்கிய தொழிற்சாலை தோல்வி கண்டது. காப்புரிமை பற்றிய வழக்குகளும் சேர்ந்துகொண்டன. உடலும் மனமும் தளர்ந்து, டீசல் மருத்துவ இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றார்.

இயந்திரம் மெல்ல மெல்லத் திருந்தியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதற்கு முதன்மைப் பரிசு கிடைத்தது. அங்கே ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. வெப்ப நாடுகளில் விளையும் எண்ணெயிலிருந்தே அந்தந்த நாடு தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறலாம் என்ற எண்ணம் பின்னாளில் டீசலுக்கும் இருந்தது. இன்று நம் நாட்டில் விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கலந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1903 முதல் ஆற்றுப் படகுகளிலும், பிறகு நீர்மூழ்கிக் கப்பல்களிலும் அவருடைய இயந்திரம் ஏறியது. 1912இல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இயந்திரங்களோடு கோபன்ஹேகனிலிருந்து பேங்காக் நோக்கிப் புறப்பட்டது. நீராவிக் கப்பல்களின் காலம் முடியத் தொடங்கியது.

இதே ஆண்டுகளில் டீசலின் பணம் கரைந்துகொண்டிருந்தது. நிலத்திலும் எண்ணெய்த் தொழிலிலும் போட்ட முதலீடுகள் நட்டமாயின. தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து தொழிற்சாலைகளுக்கு உரிமையாளர் ஆகும் வழியைப் பற்றி 1903இல் அவர் எழுதிய நூலை வாங்குவார் இல்லை. வெப்பத்தில் ஒரு விழுக்காடு எங்கே போகிறது என்று துல்லியமாகக் கணக்குப் பார்த்தவர், தம் வீட்டுப் பணம் எங்கே போகிறது என்று பார்க்கத் தவறினார். உண்மை நிலையைக் குடும்பத்திடமும் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அங்கே அவர் பெயரில் அமையும் தொழிற்சாலை தொடர்பான கூட்டம் இருந்தது. உடன் வந்த இருவரோடு இரவு உணவு உண்டார். காலை 6.15க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் அவர் இல்லை. படுக்கை கலையாமல் இருந்தது. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்தளத்தில் கிடைத்தன. சில நாள்களுக்குப் பின், ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, அதிலிருந்த சிறு பொருள்களை மட்டும் எடுத்து வந்தார்கள். அவை தம் தந்தையுடையவை என்று மகன் ஒய்கன் அடையாளம் காட்டினார். டீசலுக்கு வயது 55. வங்கிக் கணக்குகள் வெறுமையாக இருந்தன, கடன் மிகுந்திருந்தது. அவரைக் கடைசியாகச் சுமந்த கப்பல் ஒரு நீராவிக் கப்பல்.

கொலை என்றும் விபத்து என்றும் அன்றே பல கதைகள் கிளம்பின. நான் அவற்றுக்குள் போகவில்லை. என் மனத்தில் நின்றது வேறு. சுமையைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. உங்களில் யாருக்காவது படிப்பிலோ பணத்திலோ மனத்திலோ தாங்க முடியாத பாரம் இருந்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ இன்றே சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள்.

அவர் பார்க்காத நாள்கள்

டீசல் வாழ்ந்த காலத்தில் அவர் இயந்திரம் மிகக் கனமானது. எரிபொருளைத் தெளிக்கத் தனிக் காற்றழுத்தி வேண்டியிருந்ததால் அதைச் சாலை வாகனத்தில் வைக்க முடியவில்லை. 1920களில்தான் டீசல் லாரிகள் வந்தன. 1927இல் பாஷ் நிறுவனத்தின் எரிபொருள் பம்பு வந்த பிறகு வேலை எளிதாயிற்று. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260டி என்ற டீசல் மகிழுந்து வெளிவந்தது.

எங்கள் வேனின் இனத்துக்கு 1981இல் தொழிற்சாலையே டீசல் இயந்திரம் கொடுத்தது. 1.6 லிட்டர், 50 குதிரைத்திறன். எண்ணெய் மிச்சம்தான், ஆனால் கட்டிலும் அடுப்பும் சுமந்து மலையேற அந்த வலிமை போதவில்லை. 1985இல் டர்போ சேர்த்து 70 குதிரைத்திறன் ஆக்கினார்கள். பின்னாளில் ஐரோப்பாவில் பலர் தங்கள் பழைய வேன்களில் மகிழுந்துகளின் 1.9 லிட்டர் டர்போ டீசல் இயந்திரத்தை மாற்றிப் பொருத்தினார்கள். எங்கள் அண்ணன் சொன்னதும் அதைத்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். டீசல் புகையில் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டு. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியது. எண்ணெய் மிச்சம் வேறு, தூய்மை வேறு.

எங்கள் கணக்கு

டீசலின் கதையைப் படித்து முடித்த மறுநாள் ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். பேராசிரியர் ஷ்ரோட்டர் செய்ததையே செய்வது என்று முடிவு. நண்பர்களையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம்.

நாங்கள் ஆண்டுக்கு ஓட்டுவது 6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் 750 லிட்டர். லிட்டருக்கு 12 என்றால் 500 லிட்டர். ஆண்டுக்கு மிச்சம் 250 லிட்டர். எண்ணெய் விலையை லிட்டருக்கு 2 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 500 ரிங்கிட். செலவோ 12,000. போட்ட பணம் திரும்பி வர 24 ஆண்டுகள் ஆகும், அதுவும் கடனுக்கு வட்டி இல்லாமல். எங்கள் வேன் அத்தனை ஆண்டு ஓடுமா என்று ஒரு நண்பர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அதோடு, புதிய இயந்திரத்தின் எடைக்கு ஏற்பத் தாங்கிகளும் நிறுத்தும் கருவிகளும் சரிபார்க்கப்பட வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனை வேண்டும், பதிவில் இயந்திர எண்ணும் எரிபொருளும் மாற்றப்பட வேண்டும். இவற்றை விட்டுவிட்டு ஓட்டினால், விபத்து நேரும்போது காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். சோதனை முடியுமுன் விற்கப்பட்ட டீசலின் முதல் இயந்திரங்கள் என் கண்முன் வந்தன. அவசரப்பட்டால் எங்கள் வேனும் அப்படித்தான் பட்டறை வாசலில் நிற்கும்.

நாங்கள் இயந்திரத்தை மாற்றவில்லை. இருந்த இயந்திரத்தின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். ஸ்பார்க் பிளக்குகளையும் கம்பிகளையும் புதிதாக்கினோம். உராய்ந்துகொண்டே இருந்த பின்சக்கர பிரேக்கைச் சரிசெய்தோம். டயர் காற்றைச் சரியான அளவுக்கு வைத்தோம். கூரை மேலிருந்த இரும்புச் சட்டத்தை இறக்கினோம். தண்ணீர்த் தொட்டியை ஊர் போய்ச் சேர்ந்த பிறகே நிரப்பினோம். செலவு ஏறத்தாழ 600 ரிங்கிட். ஒவ்வொரு முறை எண்ணெய் நிரப்பும்போதும் தூரத்தையும் லிட்டரையும் எழுதி வந்தோம். மூன்று மாதத்தில் சராசரி லிட்டருக்கு 9 கிலோமீட்டர். பெரிய சாதனை இல்லை. ஆனால் போட்ட பணம் நான்காண்டுக்குள் திரும்பிவிடும்.

இதனால் இயந்திரம் மாற்றுவதே தவறு என்று எண்ணிவிட வேண்டாம். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்கு இதே கணக்கு நான்காண்டில் முடிந்துவிடும். பழைய இயந்திரம் முற்றாகக் கெட்டுப்போனவருக்கும் விடை வேறாக இருக்கும். பட்டறைக்கார அண்ணன் சொன்ன 12 கிலோமீட்டரும் பொய்யில்லை. எங்கள் தூரத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். கணக்கைக் காட்டியபோது அவரே சிரித்துக்கொண்டு, கார்புரேட்டர் வேலையைச் செய்து கொடுத்தார்.

பின்வரிசை மாணவனிடம் மறுவாரம் முழுப் பதிலையும் சொன்னேன். மிதிவண்டிப் பம்பு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் அடியை எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவன் இப்போது பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறான். எங்கள் வேனின் குறிப்பேடு இன்னும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை எண்ணெய் நிலையத்தில் கறுப்புக் கைப்பிடியைப் பார்க்கும்போது, ஒரு நிமிட ஓட்டத்துக்காக 14 ஆண்டு காத்திருந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாகனம் இருந்தால், அப்பா அம்மாவிடம் கேட்டு நீங்களும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள்.